அயல்நிலக் கல்வியும் அடைக்கலமும்: மேல்சித்தாமூர் உணர்த்தும் பாடம்

முன்னுரை

கல்வி கருதிப் பிறந்த மண்ணைப் பிரிந்து செல்லுதல் தமிழர்க்குப் புதியதன்று. தலைவன் பிரியும் பிரிவுகளைத் தொகுத்துக் கூறுமிடத்துத் தொல்காப்பியர் ஓதற்பிரிவையே முதற்கண் வைக்கிறார். ஆயினும், நம் அகப்பாடல்களிற் பெரும்பாலன, பிரிந்தவனை எண்ணி வீட்டிலிருந்து வருந்துவோரின் உள்ளத்தையே நமக்குக் காட்டுகின்றன. ஓதச் சென்றவன் சென்ற ஊரில் என்ன உண்டான், எங்கே உறங்கினான், எந்த மொழியில் தன் பசியைச் சொன்னான், இடையிலே திரும்பிவிடாமல் எவ்வாறு நிலைத்தான் என்னும் வினாக்களுக்கு அவற்றில் விடை காண்பது அரிது. அவ்வினாக்களே இக்கட்டுரையின் பொருளாகும்.

இவ்வினாக்கள் எம் உள்ளத்தில் எழுந்தமைக்குக் காரணமான நிகழ்ச்சி ஒன்றை முதலிற் கூறுதல் முறை. ஆசிரியப் பணியில் யாம் அடியெடுத்து வைத்த காலத்தில், வேறோர் ஊரிலிருந்த கல்லூரியொன்றில், ஆப்பிரிக்க நாட்டு மாணவர் ஒருவர் இளநிலை வகுப்பிற் சேர்ந்தார். அவர் பெயர் எம் நாவிற்கு எளிதில் வரவில்லை. ஆகவே, வருகைப் பதிவின்போது அவரை வரிசை எண்ணால் அழைத்தோம். அவரும் எண்ணுக்கு விடையளித்து வந்தார். மூன்றாம் திங்களில் ஒருநாள் அவ்வெண்ணுக்கு விடை வரவில்லை. பத்து நாள் கழித்து, அவர் நாடு திரும்பிவிட்டார் என்றனர். 'நம் ஊர் அவருக்கு ஒத்துவரவில்லை' என்னும் ஒரு தொடரில் அச்செய்தியை முடித்துக்கொண்டோம். அவர் பல இரவுகளை ரொட்டியும் வாழைப்பழமும் உண்டே கழித்தார் என்பதை, விடுதியில் அடுத்த அறையிலிருந்த மாணவன் ஒருவன் பின்னர்க் கூறினான். அவருடைய நாட்டின் பெயர் எமக்கு இன்றும் நினைவிருக்கின்றது. அவர் பெயர் நினைவில் இல்லை.

ஒத்துவராதது ஊரா, அவரா, அன்றி யாமா என்னும் ஐயம் நெடுநாள் எம்மை விட்டு அகலவில்லை. அதற்கு ஒருவாறு விடை கிடைத்த இடம், செஞ்சிக் கோட்டைக்கு அணித்தாயுள்ள மேல்சித்தாமூர் ஆகும்.

இயைபும் நிலைபேறும்

அயலிடத்துப் பண்பாட்டோடு பொருந்தி வாழப் பழகுதலை 'இயைபு' என்றும், மேற்கொண்ட கல்வியை இடையில் விடாது முடித்தலை 'நிலைபேறு' என்றும் இக்கட்டுரையில் வழங்குவோம். இவ்விரண்டிற்கும் உள்ள தொடர்பு யாது? இயைந்தவன் நிலைப்பான், இயையாதவன் திரும்புவான் என்பதே பொதுவான எண்ணம்.

அமெரிக்க அறிஞர் வின்சென்ட் டின்டோ 1975-இல் வெளியிட்ட கட்டுரையிலும் 1987-இல் வெளியிட்ட நூலிலும் இதனை ஒரு கோட்பாடாக வகுத்தார். பழைய சூழலிலிருந்து விலகல், இடைநிலை, புதிய சூழலில் இணைதல் என்னும் மூன்று படிகளை மாணவன் கடத்தல் வேண்டும் என்பது அவர் கருத்து. பழங்குடி மக்களின் சடங்குகளை ஆராய்ந்த வான் கெனப் என்பாரின் நூலிலிருந்து அவர் இப்படிகளை எடுத்துக்கொண்டார். இதனை 1992-இல் வில்லியம் டியர்னி மறுத்தார். ஒரு குடியிற் பிறந்த சிறுவன் அக்குடிக்குரிய சடங்கைக் கடந்து பெரியவனாவது வேறு, ஒரு பண்பாட்டிற் பிறந்தவன் பிறிதொரு பண்பாட்டின் வாயிலில் தன் பண்பாட்டைக் கழற்றி வைத்துவிட்டு நுழைவது வேறு என்பது அவர் மறுப்பின் சாரம். சிறுபான்மைக் குடியைச் சார்ந்த மாணவரை 'விலகி வா' என்று அழைப்பது அவர்களுக்குக் கேடு விளைக்கும் என்றும் அவர் எச்சரித்தார்.

உளவியலாளர் ஜான் பெரி, அயற்பண்பாட்டை எதிர்கொள்வார் நான்கு வழிகளுள் ஒன்றில் நடப்பர் என்பார். தன்னதை விட்டு அயலதை ஏற்றல், அயலதை விலக்கித் தன்னதில் ஒடுங்கல், இரண்டையும் இழத்தல், இரண்டையும் பேணல் என்பன அவை. நான்காவதே நன்று என்பது அவர் ஆய்வின் முடிபு. அந்நான்காவது வழி, வந்தவனின் மனவுறுதியால் மட்டும் கைகூடுவதன்று. வரவேற்கும் மக்கள் அதற்கு இடந்தருதல் வேண்டும் என்றும் அவரே கூறுவார். இக்கருத்துகளை மனத்திற் கொண்டு இனிச் செஞ்சி நாட்டை நோக்குவோம்.

செஞ்சி நாட்டுச் சமணமும் மேல்சித்தாமூரும்

செஞ்சி என்றவுடன் இராசகிரிக் கோட்டையும் தேசிங்கு ராசன் கதையும் நம் நினைவிற்கு வரும். கோட்டைக்கு முற்பட்ட பழமையும் அந்நாட்டுக்கு உண்டு. செஞ்சியை அடுத்த திருநாதர்குன்றில் தீர்த்தங்கரர் இருபத்துநால்வரின் திருவுருவங்கள் பாறையிற் செதுக்கப்பட்டுள்ளன. சந்திரநந்தி என்னும் ஆசிரியர் 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்த செய்தியைக் கூறும் பழைய கல்வெட்டும் அங்குள்ளது.

மேல்சித்தாமூர், விழுப்புரம் மாவட்டத்தில் செஞ்சிக்கும் திண்டிவனத்திற்கும் இடைப்பட்ட பகுதியில் அமைந்த சிற்றூர். தமிழ்ச் சமணரின் தலைமைப் பீடமாகிய சினகாஞ்சி மடம் இங்கேதான் உள்ளது. மடத்தலைவர் இலக்குமிசேன பட்டாரகர் என்னும் பட்டப்பெயரால் வழங்கப்பெறுவார். பாறையிற் செதுக்கிய திருமேனிகளைக் கொண்ட மலைநாதர் கோயிலும், உயர்ந்த கோபுரத்தையுடைய பார்சுவநாதர் கோயிலும் ஊருக்கு அணி செய்கின்றன. இம்மக்கள் நயினார் என்னும் பட்டப்பெயர் உடையவர். தாய்மொழி தமிழ். உழவே பெரும்பாலோர்க்குத் தொழில். தொகையிற் சிறியராகிய இவர்கள், பேச்சிலும் உடையிலும் அக்கம்பக்கத்தாரோடு வேறுபாடின்றிக் கலந்தும், பொழுது சாயுமுன் உண்ணல், நீரை வடிகட்டிப் பருகல், ஊன் விலக்கல் ஆகிய நோன்புகளிற் பிறழாதும் பல நூற்றாண்டுகள் நிலைத்துள்ளனர். இயைபும் நிலைபேறும் ஒருங்கே அமைந்த வாழ்வுக்கு இவர்களைச் சான்றாகக் கூறலாம்.

எம் துறை மாணவருடன் யாம் அவ்வூருக்குச் சென்றபோது, அப்பகுதிச் சமணக் குடும்பத்தைச் சேர்ந்த எம் மாணவர் ஒருவரே எமக்கு வழிகாட்டினார். கோயில்களைக் கண்டபின் தம் இல்லத்திற்கு அழைத்துச் சென்றார். மாலை ஐந்தரை மணிக்கே இலை போடப்பெற்றது. 'பொழுது சாயறதுக்குள்ள சாப்பிட்டுடுங்க ஐயா' என்று அவர் தாயார் பரிமாறினார். பரிமாறிக்கொண்டே, 'அங்க ஆஸ்டல்ல ராத்திரிச் சாப்பாடு எப்படிங்க ஐயா, நேரத்தோட போடறாங்களா?' என்று வினவினார். மாணவர் தலை கவிழ்ந்தார். எம் விடுதியில் இரவு உணவு ஏழரை மணிக்குத்தான். இரண்டாண்டுக் காலம் அம்மாணவர் இரவு உணவை முற்றும் விடுத்தே படித்து வந்தார் என்பதை யாம் அன்று அவர் வீட்டு இலையின் முன் அமர்ந்துதான் அறிந்தோம். அவர் கேட்கவில்லை, யாமும் வினவவில்லை.

வேலூரிலிருந்து சிரவணபெளகொளத்திற்கு

அன்று மாலை அவ்வூர்ப் பெரியவர்கள் கூறிய வழிவழிச் செய்தி ஒன்று, தென்னார்க்காடு மாவட்டத்தைப் பற்றி 1906-இல் வெளிவந்த அரசு விவரச்சுவடியிலும் பதிவாகியுள்ளது. அதன் சுருக்கம் வருமாறு:

செஞ்சியை ஆண்ட வேங்கடபதி என்னும் தலைவன் ஒருவன் சமணர்மேற் சினங்கொண்டு அவர்களை வதைத்தான். பலர் கொல்லப்பட்டனர். பலர் ஊர்விட்டு ஓடினர். எஞ்சியோர் பூணூலைக் களைந்து நெற்றியில் திருநீறு பூசிக்கொண்டு உயிர் தப்பினர். அவர் வழியினர் நீறுபூசி வேளாளர் எனப்பட்டனர். அந்நாளில் திண்டிவனத்தை அடுத்த வேலூர் என்னும் சிற்றூரில் ஒருவர் பொழுது சாயும் வேளையிற் குளத்து நீரை வடிகட்டிக்கொண்டிருந்தார். அச்செயலே அவரைச் சமணர் எனக் காட்டிக்கொடுத்தது. சிறைப்படுத்திச் செஞ்சிக்குக் கொண்டு சென்றனர். தலைவனுக்கு அப்போது மகவு பிறந்திருந்த மகிழ்ச்சியால் அவர் உயிர் பிழைத்தார். பிழைத்தவர் துறவு பூண்டு, கன்னட நாட்டுச் சிரவணபெளகொளத்தை அடைந்து, சமயநூல்களைக் கற்று, வீரசேனாசாரியர் என்னும் பெருந்துறவியானார். இதற்கிடையே, தாயனூர்க் காங்கேய உடையார் என்பார் உடையார்பாளையம் குறுநில மன்னரிடம் அடைக்கலம் புகுந்து நிலமும் பாதுகாப்பும் பெற்றார். பின்னர்ச் சிரவணபெளகொளம் சென்று வீரசேனரை அழைத்து வந்தார். இருவரும் செஞ்சி நாடெங்கும் சுற்றிச் சிதறியவரை மீண்டும் ஒன்றுசேர்த்தனர். சித்தாமூர் மடத்தலைவரைத் தேர்ந்தெடுப்பதில் தாயனூர்க் குடும்பத்தார்க்கு முதன்மை வழங்கும் வழக்கம் இதன் நினைவாகவே ஏற்பட்டது என்பர்.

மரபு இந்நிகழ்ச்சிக்கு 1478 என்னும் ஆண்டைக் கூறுகின்றது. செஞ்சி நாயக்கர் ஆட்சி 16-ஆம் நூற்றாண்டிலேயே நிலைபெற்றமையால் அவ்வாண்டை அப்படியே கொள்ளுதற்கில்லை. எனினும், அயல்நிலக் கல்வியைப் பற்றி இம்மரபு உணர்த்தும் உண்மைகள் கருதத்தக்கன.

முதலாவது, வீரசேனரை அவராக வைத்திருந்தது நீரை வடிகட்டும் ஒரு சிறு செயல். பெரிய கொள்கைகளை மனத்துள் மறைத்துக்கொள்ளலாம். உணவும் நீரும் அன்றாடம் கையாற் செய்வன, மறைத்தல் அரிது. அயலூர் சென்ற மாணவனும் முதலில் இடறுவது இத்தகைய சிறு செயல்களிலேதான்.

இரண்டாவது, அவர் சென்ற இடத்தில் மொழி வேறாயினும் நோன்பு ஒன்றே. கொம்மடேசுவரர் திருவடியின் அருகே, சாமுண்டராயர் அதனைச் செய்வித்த செய்தி கன்னடத்திலும் தமிழிலும் பொறிக்கப்பட்டுள்ளது. அயல்நாட்டுக் கல்லில் தன் தாய்மொழியைக் காணும் மாணவனுக்கு, இவ்விடம் என்னையும் எதிர்பார்த்திருந்தது என்னும் ஆறுதல் பிறக்கும்.

மூன்றாவது, அவரைத் தேடி ஊரிலிருந்து ஒருவர் சென்றார். கற்ற கல்விக்கு ஊரில் ஒரு தேவை காத்திருந்தது. அத்தேவை அறிந்தவனுக்கு நிலைபேறு எளிதாகின்றது.

நீறு பூசிக்கொண்டோரைக் கோழையர் என்று பழிப்பது முறையன்று. இயைதலொன்றே உயிர் காக்கும் வழி என்னும் நிலைக்கு அவர்கள் தள்ளப்பட்டனர். பழி, வேறு வழி விடாதவரையே சாரும்.

இத்சிங்கின் அறிவுரை

வீரசேனர்க்கு மொழி மட்டுமே அயலாயிருந்தது. மொழியோடு உணவும் பழக்கமும் அயலாக, கடல் கடந்து வந்து கற்ற மாணவர் ஒருவரைக் காண்போம். சீனத் துறவி இத்சிங் 671-இல் தம் நாட்டிலிருந்து கப்பலேறினார். நேரே இந்தியாவுக்கு வரவில்லை. சுமத்திராவிலிருந்த ஸ்ரீவிசய நாட்டில் ஆறு திங்கள் தங்கி வடமொழி இலக்கணம் பயின்றார். 673-இல் வங்கக் கரையிலுள்ள தாம்ரலிப்தியை அடைந்து, அங்கு முன்னரே வந்து தங்கியிருந்த சீனத் துறவி ஒருவருடன் ஓராண்டு இருந்து மொழிப்பயிற்சியைத் தொடர்ந்தார். அதன்பின்னரே நாளந்தா சென்றார். அங்கு ஏறத்தாழப் பத்தாண்டு கற்றார். 695-இல் ஏராளமான சுவடிகளுடன் சீனத் தலைநகர் ஒன்றாகிய லோயாங் திரும்பினார்.

அவர் எழுதிய நூல் நாற்பது இயல்களை உடையது. நாளந்தாவின் தத்துவ வாதங்களை எதிர்பார்த்து அதனைத் திறப்பவர்க்கு வியப்பே மிஞ்சும். பல்துலக்கும் குச்சி, உண்ணும்போது அமரும் சிறு பலகை, உண்டபின் கைவாய் கழுவும் முறை, பருகும் நீரின் தூய்மை ஆகியனவற்றை அவர் இயல் இயலாக விளக்குகிறார். அயல்நாட்டு மாணவனுக்கு வகுப்பறைப் பாடத்தினும் கடினமானவை இவையே என்பதைப் பட்டறிந்தவர் அவர்.

இந்தியாவிற்குச் செல்ல விரும்பும் சீனத் துறவியர், முதலில் ஸ்ரீவிசயத்தில் ஓரிரண்டு ஆண்டு தங்கி அந்நாட்டு முறைகளைப் பழகிக்கொண்டு, பின்னர்ச் செல்வது நன்று என அறிவுரையும் கூறினார். இக்காலப் பல்கலைக்கழகங்கள் நடத்தும் முன்னிலைப் பயிற்சி வகுப்பின் பயனை அவர் பதின்மூன்று நூற்றாண்டுகட்கு முன்பே கண்டுரைத்தார் எனலாம். அவர் பெற்ற துணைகள் இரண்டு. ஒன்று, முழுதும் அயலாகிய இடத்திற்குமுன் பாதி அயலாகிய ஓரிடம். மற்றொன்று, தம் மொழி பேசும் மூத்தவர் ஒருவர். தம்மைப்போற் புறப்பட்ட அறுபதின்மர் அளவினரின் வரலாறுகளையும் அவர் தொகுத்தார். அவருட் பலர் வழியிலும் அயல்மண்ணிலும் மாண்டவர். மன உறுதியில் அவர்கள் இத்சிங்கிற்குக் குறைந்தவர் என்று எவரும் கூறார்.

இலண்டனில் ஒரு நோன்பு

மொழி, சமயம், உணவு அனைத்தும் வேறாகிய இடத்திற்குச் சென்ற மாணவருக்குக் காந்தியடிகளே தக்க சான்று. 1888-ஆம் ஆண்டு செப்டம்பர் 4-ஆம் நாள் பம்பாயிலிருந்து அவர் கப்பலேறினார். மகனை அனுப்ப அன்னையார் தயங்கியபோது, பேசர்ஜி சுவாமி என்னும் சமணத் துறவியின் முன் மது, மாது, புலால் மூன்றையும் தொடேன் எனச் சூளுரைத்த பின்னரே விடை பெற்றார். கடல் கடந்தமைக்காகச் சாதிப் பெரியோர் அவரை விலக்கி வைத்தனர். ஊர் துறந்தது, சென்ற இடம் ஏற்கவில்லை. தொடக்க நாள்களில் இரவெல்லாம் கண்ணீர் வடித்ததை அவரே எழுதியுள்ளார்.

அந்நிலையில் அவர் முதலில் நாடியது முழு இயைபு. உயர்ந்த துணியில் உடை தைத்தார். பட்டுத் தொப்பி வாங்கினார். நடனம், பிரெஞ்சு, வயலின், மேடைப்பேச்சு ஆகியவற்றிற்குப் பணம் கட்டினார். ஏறத்தாழ மூன்று திங்களில் அம்மயக்கம் தெளிந்தது. மறுபுறம், புலால் விலக்கியமையால் அரைவயிற்றுடன் நாள்தோறும் பல மைல் நடந்து, இறுதியிற் பாரிங்டன் தெருவில் மரக்கறி உணவகம் ஒன்றைக் கண்டார். அங்கு விற்பனைக்கு வைத்திருந்த ஹென்றி சால்ட்டின் சிறுநூலை வாங்கிப் படித்தார். பின்னர் இலண்டன் மரக்கறி உணவாளர் சங்கத்தின் செயற்குழுவிலும் இடம்பெற்றார். அச்சங்கத்தின் வழியே அவர்க்கு ஆங்கில நண்பர்கள் வாய்த்தனர். 1891-ஆம் ஆண்டு சூன் 10-ஆம் நாள் வழக்கறிஞராகத் தகுதி பெற்று, ஒருநாள் விட்டு மறுநாள் தாயகம் திரும்பக் கப்பலேறினார்.

பட்டுத் தொப்பி தேடித் தராத நண்பர்களை நோன்பு தேடித் தந்தது என்பது ஈண்டு நோக்கத்தக்கது. தன் பழக்கத்தைப் பேணுதல் அயலாரிடமிருந்து பிரிக்கும் சுவர் என்று பலர் கருதுவர். காந்தியடிகட்கு அதுவே அயலார் இல்லத்துள் நுழையும் வாயிலாயிற்று. ஆயினும் அவ்வாயில் திறந்தது, மறுபுறத்தில் அதே கொள்கையுடைய சிலர் அங்கு இருந்தமையாலேயே என்பதை மறத்தலாகாது.

கேம்பிரிட்ஜில் ஒரு போர்வை

அத்தகைய வாயில் வாய்க்காதவர் நம் கும்பகோணத்துக் கணிதமேதை சீனிவாச இராமாநுசன். 1914 மார்ச்சு 17-இல் சென்னையிலிருந்து புறப்பட்டு, ஏப்ரலில் இலண்டனை அடைந்து, பின் கேம்பிரிட்ஜ் சென்றார். அவ்வாண்டு ஆகஸ்டில் உலகப்போர் மூண்டது. மரக்கறி உணவு அரிதாயிற்று. கல்லூரிப் பொது உணவுக்கூடத்தில் உண்ணாமல், தம் அறையில் தாமே சமைத்துண்டார்.

அவருடைய நண்பராகிய புள்ளியியல் அறிஞர் மகலனோபிசு கூறிய செய்தி ஒன்று நெஞ்சை உருக்குவது. குளிர்காலத்தில் இராமாநுசன் மேற்சட்டையும் சால்வையும் போர்த்து நடுங்கியபடி உறங்கி வந்தார். போர்வைகள் இல்லையோ எனப் படுக்கையை நோக்கினால், அவை மெத்தையோடு சேர்த்து மடித்துச் செருகப்பட்டு அங்கேயே இருந்தன. அவற்றை விலக்கி உள்ளே நுழைந்து படுத்தல் வேண்டும் என்பதை அவர்க்கு எவரும் சொல்லவில்லை. மகலனோபிசுதான் அதனைக் காட்டிக்கொடுத்தார். எண்களின் மறைபொருளை உலகுக்குக் காட்டிய பேரறிஞர்க்குப் போர்வையின் மடிப்பைக் காட்ட ஒருவர் தேவைப்பட்டார். இதில் இழிவு யாதுமில்லை. மடித்து வைத்தவர்க்கு அது மடிப்பென்றே தோன்றவில்லை என்பதுதான் செய்தி.

1916-இல் பட்டம் பெற்றார். 1917-இல் நோய்வாய்ப்பட்டு மருத்துவ இல்லங்கள் பலவற்றில் தங்கினார். 1918-இல் அரச கழகத்தின் உறுப்பினராகவும் டிரினிட்டிக் கல்லூரியின் ஆய்வறிஞராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார். அவ்வாண்டிலேயே இலண்டனில் இரயில் பாதையில் விழுந்து உயிர்விடவும் முயன்றார். 1919-இல் தாயகம் திரும்பி, 1920 ஏப்ரல் 26-இல் 32-ஆம் அகவையில் மறைந்தார். பதிவேட்டின்படி நோக்கினால் இராமாநுசனது நிலைபேறு முழுமையானது. அவர் இடையில் நிற்கவில்லை. பட்டமும் பெருமையும் பெற்றார். எனவே, மாணவன் கல்வியை முடித்தான் என்பதொன்றையே கொண்டு அவன் நலமாயிருந்தான் என முடிபு செய்தல் பிழையாகும். எம் விடுதியில் இரண்டாண்டு இரவு உண்ணாதிருந்த மாணவரின் வருகைப்பதிவிலும் குறையேதும் இல்லை.

மாதரி அளித்த நற்கலங்கள்

இத்துணைச் சான்றுகளையும் கண்டபின், நம் சிலப்பதிகாரத்தில் ஓரிடத்தை மீண்டும் நோக்கினோம். பல்லாண்டு பாடஞ்சொல்லியும் எம் கருத்தில் நில்லாத இடம் அது.

புகாரிலிருந்து மதுரைக்கு வந்த கோவலனும் கண்ணகியும் அந்நகரில் எவரையும் அறியாதவர். வழித்துணையாக வந்த சமணத் துறவி கவுந்தியடிகள், கண்ணகியை ஆயர்குல முதுமகளாகிய மாதரியிடம் அடைக்கலமாக ஒப்புவிக்கிறார். இப்பகுதிக்கு அடைக்கலக் காதை என்றே பெயர். மாதரியின் குலத்தார் மாயோனை வழிபடுவோர். வந்தவரோ சமண நோன்பினர். மாதரி அவர்களைத் தன் வழக்கத்திற்கு அழைக்கவில்லை. கொலைக்களக் காதையின் தொடக்கத்தில், இவர்கள் சாவக நோன்பினர், ஆகலின் பகற்பொழுதிலேயே உண்ணும் உணவை ஆக்குதற்கு ஏற்ற நல்ல கலங்களைக் காலந்தாழ்த்தாது கொடுங்கள் என்று தன் சுற்றத்தார்க்கு ஆணையிடுகிறாள். காய்களும் கனிகளும் சாலி அரிசியும் பாற்பயனும் அளிக்கப்பெறுகின்றன. தன் மகள் ஐயையைத் துணைக்கு வைக்கிறாள். கண்ணகி தானே சமைக்கிறாள்.

இளங்கோவடிகள் இங்குக் காட்டும் விருந்தோம்பல் மிக நுட்பமானது. விருந்தினரின் நோன்பு யாது என்பதை மாதரி முன்னரே அறிந்துகொண்டாள். கேட்கும்வரை காத்திராமல் விரைந்து கொடுத்தாள். சமைத்துப் போட்டுக் கட்டாயப்படுத்தாமல், அவர்கள் முறைப்படி அவர்களே சமைக்கக் கலமும் பொருளும் ஈந்தாள். அவர்கள் வயதொத்த ஒரு துணையையும் வைத்தாள். பெரி கூறும் நான்காம் வழி அயலார் இடந்தருதலாலேயே கூடும் என்றோமே, அவ்விடம் தருதல் எத்தகையது என்பதற்கு இதனினும் தெளிந்த விளக்கம் வேண்டுவதில்லை.

மதுரையில் நேர்ந்த அவலத்தை யாவரும் அறிவர். அதற்கு மாதரி எவ்வகையிலும் பொறுப்பல்லள். ஆயினும், தான் ஏற்ற அடைக்கலத்தை இழந்தேன் என்று ஆற்றாது அவள் தீப்புகுந்ததை நீர்ப்படைக் காதை கூறுகின்றது. அத்தகைய முடிவை எவரும் போற்றவேண்டுவதில்லை. ஆனால், தன்னிடம் ஒப்புவிக்கப்பட்டவரின் இழப்பை அவள் தன் இழப்பாகவே உணர்ந்தாள் என்பது உண்மை. 'நம் ஊர் அவருக்கு ஒத்துவரவில்லை' என்று யாம் ஒரு தொடரில் முடித்துக்கொண்டதை இதனோடு ஒப்பிடுங்கால் நாணமே எஞ்சுகின்றது.

நம் கடன்

அயல்நாட்டு மாணவர் நம் நாட்டில் கற்பதற்கு உதவித்தொகை வழங்கும் இந்தியப் பண்பாட்டு உறவுக் கழகத்தை 1950-இல் நிறுவியவர், விடுதலை இந்தியாவின் முதற் கல்வியமைச்சர் மௌலானா அபுல் கலாம் ஆசாத் ஆவார். 2021-22-ஆம் ஆண்டின் அனைத்திந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி 46,000-க்கும் மேற்பட்ட அயல்நாட்டு மாணவர் நம் நாட்டிற் பயின்றனர். அவருள் நான்கில் ஒருவருக்கு மேல் நேபாளத்தவர். கட்டணம், விசா, பதிவு ஆகியவற்றிற்கு அலுவலகங்கள் உள்ளன. போர்வையின் மடிப்பைக் காட்டுதற்கு அலுவலகம் இல்லை. அது ஆசிரியர், விடுதிக் காப்பாளர், உடன்பயில்வோர் ஆகியோர் கடன்.

அதற்குப் பெரும் பொருட்செலவு வேண்டுவதில்லை. மாணவனின் பெயரை அவன் சொல்லும் முறையிலேயே சொல்லக் கற்றுக்கொள்ளல் முதற்பணி. சேர்ந்த முதல் வாரத்திலேயே அவன் உண்பன யாவை, உண்ணாதன யாவை, எப்பொழுது உண்பான் எனக் கேட்டறிதல் இரண்டாவது. இத்சிங்கிற்குத் தாம்ரலிப்தியில் வாய்த்த மூத்தவரைப்போல், அவன் நாட்டினரோ அவன் மொழி அறிந்தவரோ ஒருவரை அறிமுகப்படுத்தல் மூன்றாவது. நான்காவது தமிழ்த்துறைக்கே உரியது. கடையிற் பேசவும், பேருந்தில் இடங்கேட்கவும், நோயைச் சொல்லவும் போதுமான தமிழை முதல் மூன்று திங்களுக்குள் கற்பிக்கும் மாலை வகுப்பு ஒன்றை நாம் நடத்தலாம். ஸ்ரீவிசயம் தந்த பாதி அயலாகிய இடம் அவர்க்கு நம் துறையாகவே அமையலாம்.

மாணவர்க்கும் ஒரு சொல் உண்டு. கேளாதிருத்தல் பணிவு என்று எண்ணற்க. காந்தியடிகள் தம் நோன்பை மறைத்திருப்பின் இலண்டனில் அவர்க்குத் தோழர் வாய்த்திரார்.

நிறைவுரை

மேல்சித்தாமூரிலிருந்து திரும்பிய மறுநாள் விடுதிக் காப்பாளரைக் கண்டு பேசினோம். ஒருவருக்காக அடுப்பை முன்னதாக மூட்ட இயலுமா என்று அவர் முதலில் தயங்கினார். ரமலான் திங்களில் சகர் உணவிற்காக அதே அடுப்பு விடியலுக்கு முன் மூட்டப்படுவதை நினைவூட்டினோம். வேறு விளக்கம் தேவைப்படவில்லை. அன்று முதல் மாலை ஐந்தரை மணிக்கு ஓர் அடுக்குப் பாத்திரத்தில் அம்மாணவர்க்கு உணவு தனியே எடுத்து வைக்கப்படுகின்றது. நோன்பின் அருமை அறிந்தவர்க்குப் பிறர் நோன்பைக் காத்தல் கடினமாகாது.

அயல்நிலம் சென்று கற்பவன் நிலைத்து நிற்றற்கு அவனது உறுதி ஒரு பாதி. ஏற்றவர் அளிக்கும் அடைக்கலம் மறு பாதி. முதற்பாதி இல்லாதவரைப்பற்றி நாம் நிறையப் பேசியுள்ளோம். இரண்டாம் பாதியை நாம் அளித்தோமா என்று கேட்டுக்கொள்வதே மேல்சித்தாமூர் எமக்கு உணர்த்திய பாடம். அவ்வினாவை முன்னரே கேட்டிருப்பின், எம் பழைய பதிவேட்டின் ஓர் எண்ணுக்குரிய பெயரை யாம் இன்று அறிந்திருப்போம்.